காண்டாமிருகத்துக்குப் பெயர் இருக்கிறது: லிஸ்பனின் 'அறியப்படாத கதைகள்' பற்றி

லிஸ்பன் நகரத்தின் அறியப்படாத கதைகள் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். அநேகமாக ஒரு காண்டாமிருகம் வந்து நிற்கும்.

குஜராத் சுல்தான் போர்த்துக்கேயருக்குக் கொடுத்த மிருகம் அது. கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே 20ஆம் திகதி லிஸ்பனில் இறங்கியது. உரோமர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா உயிரோடு கண்ட முதல் காண்டாமிருகம் என்று சொல்கிறார்கள். 'கண்டா' என்று அதற்குப் பெயர். மன்னன் முதலாம் மனுவேல் அதை ஒரு யானையோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்க நினைத்தான். யானை வெருண்டு ஓடிவிட்டது. பிறகு அதைப் பாப்பரசருக்குப் பரிசாக அனுப்பினான். 1516இன் தொடக்கத்தில் இத்தாலிக் கரையோரம் கப்பல் மூழ்கி, சங்கிலியில் கட்டியிருந்த மிருகமும் செத்துப்போனது. ஜேர்மன் ஓவியர் ட்யூரர் அதை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஒரு கடிதத்தையும் ஒரு கீறலையும் வைத்து அவர் வெட்டிய மரச்செதுக்கு ஓவியம் உலகப் புகழ் பெற்றது. லிஸ்பனின் பெலெம் கோபுரத்தில் அதன் தலை இன்றைக்கும் கல்லில் இருக்கிறது.

நல்ல கதைதான். எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அதே வருடம், அதே நகரம், அதே மன்னன் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம் இருக்கு. அதைத் தமிழ்க் காணொளிகளிலோ பயணக் கட்டுரைகளிலோ நாங்கள் இன்னும் காணேல்லை.

1515 நவம்பர் 13. காண்டாமிருகம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனுவேல் லிஸ்பன் நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். விஷயம் இதுதான்: நகரத்தில் சாகிற அடிமைகளின் உடல்கள் ஒழுங்காகப் புதைக்கப்படுவதில்லை. வெளியே எறியப்படுகின்றன, நாய்கள் தின்கின்றன. ஆகவே வசதியான இடத்தில் இயன்றளவு ஆழமான ஒரு கிணறு தோண்டி, உடல்களை அதற்குள் போட வேண்டும். உடல்கள் கெதியாக உக்கிப் போவதற்கு இடைக்கிடை சுண்ணாம்பும் கொட்ட வேண்டும்.

லிஸ்பனில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. 'ருவா தோ போசோ தோஸ் நெக்ரோஸ்'. தமிழில் சொன்னால் 'கறுப்பர்களின் கிணற்றுத் தெரு'. அந்தப் பெயர் இந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பதுதான் பரவலான கருத்து. இப்ப அந்தப் பக்கம் கபேக்களுக்கும் உணவகங்களுக்கும் பெயர்போன இடம்.

காண்டாமிருகத்துக்குப் பெயர் இருக்கிறது. வந்திறங்கிய திகதி இருக்கிறது, ஓவியம் இருக்கிறது, கல்லில் தலை இருக்கிறது. கிணற்றுக்குள் போன ஆட்களுக்கு? மிஞ்சினது ஒரு தெருப்பெயர் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் எங்களுக்குச் சண்டை. 'அதிகம் அறியப்படாத கதைகள்' என்ற சொல்லோடுதான் சண்டை. ஒரு கதை தானாகவே அறியப்படாமல் போவதில்லை. மன்னனின் கடிதம் தொலையவில்லை. தெருவும் ஒளிந்துகொள்ளவில்லை. 1755 நவம்பர் 1ஆம் திகதி வந்த நிலநடுக்கத்திலும் தீயிலும், ஆசிய வாணிபத்தை நடத்திய 'காசா த இந்தியா'வின் ஆவணங்கள் அழிந்துபோனது உண்மை. ஆனால் அந்தக் கடிதம் தப்பியிருக்கிறது. அது இல்லாமற்போகவில்லை, அதைச் சொல்லத்தான் ஆளில்லை. காண்டாமிருகத்தை ஆயிரம் பேர் சொன்னார்கள், கிணற்றைச் சொல்லவில்லை. இதற்கு 'அறியப்படாத' என்று பெயர் வைப்பது மழுப்பல்.

லிஸ்பன் நடுவில், ரோசியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில், சாவோ தொமிங்கோஸ் என்றொரு தேவாலயம் இருக்கிறது. 1506 ஏப்ரல் மாதம் நகரத்தில் வரட்சி, கொள்ளைநோய். மன்னனும் அரசவையும் நோய்க்குப் பயந்து நகரத்தை விட்டு வெளியே. தேவாலயத்தில் மழை வேண்டிச் செபம் நடக்கிறது. ஒரு சிலுவையில் வெளிச்சம் தெரிகிறது. புதுமை என்று சனம் கத்துகிறது. கூட்டத்தில் நின்ற ஒருவர், அது மெழுகுதிரி வெளிச்சம் தெறிக்கிறது போலக் கிடக்கு என்று சொல்லிவிட்டார்.

அவர் 'புதுக் கிறிஸ்தவர்'. 1497இல் மனுவேல் நாட்டின் யூதர்களைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றினான். அப்படி மாற்றப்பட்டவர்களை அழைக்கிற பெயர் அது. ஞானஸ்நானம் கொடுத்த பிறகும் அவர்களை ஒருவரும் நம்பவில்லை. வெளிச்சத்தைப் பற்றிக் கதைத்த மனுசனை வெளியே இழுத்துக் கொன்றார்கள். இரண்டு துறவிகள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு சனத்தை உசுப்பிவிட்டார்கள். தேஜோ ஆற்றில் நின்ற வெளிநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று நாள். கொல்லப்பட்டவர்கள் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை என்று கணக்குகள் சொல்கின்றன. பிறகு மன்னன் அந்தத் துறவிகளுக்கு மரண தண்டனை கொடுத்தான்.

அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் வைக்க 2008 மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்நூறு வருடத்துக்கும் மேல். பக்கத்துச் சுவரில் பல மொழிகளில் ஒரு வசனம் எழுதியிருக்கிறது: லிஸ்பன், சகிப்புத்தன்மையின் நகரம். கொலை நடந்த இடத்தில் நின்றுகொண்டு நகரம் தனக்குத் தானே நற்சான்றிதழ் எழுதிக்கொள்கிறது. நினைவுக்கல் வைத்தது நல்லதுதான், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் செத்தவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய வசனம் எப்படி நகரத்தின் புகழாக முடிந்தது என்று கேட்கத்தான் வேணும்.

அதே சாவோ தொமிங்கோஸில் இன்னொரு கதையும் உண்டு. லிஸ்பனில் இருந்த ஆபிரிக்கர்கள் அங்கே தங்களுக்கென்று ஒரு செபமாலைச் சகோதரத்துவச் சபை வைத்திருந்தார்கள். அடிமையாக இருந்தவர்களும் விடுதலை பெற்றவர்களும் அதில் இருந்தார்கள். செத்தவர்களை மரியாதையாக அடக்கம் பண்ணுவது, காசு சேர்த்து அடிமைகளை விடுவிக்க முயல்வது எல்லாம் இப்படியான சபைகளின் வேலை. கிணறும் சுண்ணாம்பும் என்று மன்னன் எழுதிய ஊரில், எங்கட ஆளை நாங்கள் ஒழுங்காகப் புதைப்போம் என்று ஒரு சனம் கூடி நின்றது. இது பரிதாபக் கதை இல்லை. அரசியல்.

எத்தனை பேர் இருந்தார்கள் என்றால், 1551இல் எடுத்த ஒரு கணக்கின்படி ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த லிஸ்பனில் பத்தாயிரத்துக்குக் கிட்ட அடிமைகள். பத்துப் பேருக்கு ஒருவர். தண்ணீர் அள்ளினது, துணி தோய்த்தது, மலம் காவினது, கப்பலில் சுமை ஏற்றினது எல்லாம் அவர்கள். இன்று மத்ரகோவா என்று சொல்கிற பகுதிக்கு அந்தக் காலத்தில் 'மொகாம்போ' என்று பெயர். அங்கோலாவின் கிம்புண்டு மொழியிலிருந்து வந்த சொல். ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்குள் ஆபிரிக்கப் பெயரோடு ஒரு குடியிருப்பு இருந்திருக்கிறது. பெயர் மாறிப்போச்சு.

"அந்தக் காலத்தில எல்லாரும் அப்படித்தான், இன்றைய அளவுகோலால் அளக்காதேங்கோ" என்று சொல்கிறவர்கள் இருக்கினம். இந்த வாதத்தை வரலாற்று வகுப்பிலேயே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சரி, அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளப்பம். பெர்னாந்தோ ஒலிவேரா என்றொரு போர்த்துக்கேயப் பாதிரியார் 1555இல் கடற்போர் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலில், சமாதானமாக வாழ்கிற மனிதரைப் பிடித்து விற்பது அநியாயம் என்று அடிமை வாணிபத்தைக் கண்டித்து எழுதினார். 1555இல்!

பிறகு லூரென்சோ த சில்வா மென்தொன்சா. அங்கோலாவின் அரச குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். போர்த்துக்கேயரால் பிரேசிலுக்கு நாடுகடத்தப்பட்டு, பிறகு போர்த்துக்கலுக்கு வந்தவர். கறுப்பினச் சகோதரத்துவச் சபைகளின் பிரதிநிதியாக 1680களில் ரோமுக்கே போய், பாப்பரசரிடம் அடிமை முறைக்கு எதிராக முறையிட்டார். 1686இல் ரோமின் விசாரணைச் சபை அந்த வாணிபத்தின் கொடுமைகளைக் கண்டித்தது. வாணிபம் மட்டும் நிற்கவில்லை. அப்ப, 'எல்லாரும்' என்றால் யார்? பிடிபட்டவன் இதை அநியாயம் என்றான், அவனுக்காக ரோம் மட்டும் போனவர் சொன்னார், உள்ளூர்ப் பாதிரியார் ஒருவரும் சொன்னார். வாங்கி விற்றவர்களை மட்டும் 'எல்லாரும்' என்று கணக்கெடுத்தால்தான் இந்த வாதம் நிற்கும்.

1761இல் போர்த்துக்கல் தன் ஐரோப்பிய மண்ணுக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடைசெய்தது. இதையும் பெருமையாகச் சொல்வார்கள். பிரேசிலுக்குக் கொண்டுபோவது மட்டும் நிற்கவில்லை. பேரரசு முழுவதிலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1869இல்தான். போர்த்துக்கேய, பிரேசில் கொடிகளின் கீழ் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 58 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அட்லாண்டிக் அடிமை வாணிபத்தில் வேறெந்தக் கொடிக்கும் இவ்வளவு பெரிய கணக்கு இல்லை.

"எங்கயோ இருக்கிற ஊர், எங்களுக்கென்ன?" என்பது அடுத்த கேள்வி. லிஸ்பன் எங்களுக்கு எங்கயோ இருக்கிற ஊர் இல்லை. இந்தத் தீவிலிருந்தும் ஒன்று அங்கே கப்பலில் போனது. கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனே அடுத்த அரசன் என்று போர்த்துக்கல் மன்னனை ஏற்றுக்கொள்ள வைக்க விரும்பினான். அதற்காக 1540களின் தொடக்கத்தில் ஸ்ரீ ராமரக்ச பண்டிதர் என்ற தூதரோடு பேரனின் பொன் உருவம் ஒன்றை லிஸ்பனுக்கு அனுப்பினான். மன்னன் மூன்றாம் ஜோவாவோ அந்தப் பொற்சிலைக்கு முடிசூட்டினான். அந்தக் காட்சியைச் செதுக்கிய தந்தப் பேழை இன்று ஜேர்மனியின் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் கிடக்கிறது.

இதையும் 'சுவாரசியமான தகவல்' என்று பகிரலாம். பொம்மைக்கு முடிசூட்டின மன்னன் என்று தலைப்புப் போடலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1551இல் புவனேகபாகு போர்த்துக்கேயத் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தான். தவறுதலாக வெடித்தது என்றார்கள். அதே வருடம் போர்த்துக்கேயப் பிரதிநிதி வந்து கோட்டையின் கருவூலத்தைச் சூறையாடினான். சிலையாக லிஸ்பன் போன தர்மபாலன் ஞானஸ்நானம் பெற்று தொன் ஜோவாவோ ஆகி, 1580இல் தன் அரசையே போர்த்துக்கல் முடிக்கு எழுதிக்கொடுத்தான். யாழ்ப்பாணத்தில் இந்தப் பொம்மை விளையாட்டுக்கூட இல்லை. 1619இல் பிலிப் தெ ஒலிவேரா படையோடு வந்தான். சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது.

இவ்வளவும் நடந்த காலத்துக்குப் பள்ளிக்கூடத்தில நாங்கள் படிச்ச பெயர் 'நாடுகாண் பயணங்கள்'. எந்த நாட்டை யார் கண்டது? சனம் இருந்த நாடு, அரசு இருந்த நாடு, துறைமுகமும் சந்தையும் இருந்த நாடு. லிஸ்பனில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது 'காணாத' நாடு. அவன் கண்ணை எங்கட முகத்தில் ஒட்டிக்கொண்டு பரீட்சை எழுதச் சொல்லுது இந்தச் சொல்.

இந்தச் சொல்லைப் பற்றி லிஸ்பனிலேயே பெரிய சண்டை நடந்தது. நகரசபை 'கண்டுபிடிப்புகளின் அருங்காட்சியகம்' ஒன்று கட்டத் திட்டமிட்டபோது, 2018இல் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்களும் சமூக அறிவியலாளர்களும் கையெழுத்திட்டு, அந்தப் பெயரே பிழை என்று பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். போர்த்துக்கேயரே மறுக்கிற சொல்லை நாங்கள் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

அந்தச் சொல்லுக்குக் கல்லில் எழுப்பிய சின்னம் பெலெமில் நிற்கிறது. சலசார் சர்வாதிகாரியாக இருந்த 1940இல் அங்கே 'போர்த்துக்கேய உலகக் கண்காட்சி' நடந்தது. கொலனிகளிலிருந்து மனிதரைக் கொண்டுவந்து, பக்கத்துத் தோட்டத்தில் மாதிரிக் குடிசைகள் போட்டு, அதில் இருத்திப் பார்வைக்கு வைத்தார்கள். மனிதக் காட்சிச்சாலை. அதே கண்காட்சிக்குத் தற்காலிகமாகக் கட்டிய 'கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்' 1960இல் நிரந்தரமாக எழுப்பப்பட்டது. ஐம்பது மீற்றருக்கும் மேல் உயரம், முப்பத்துமூன்று உருவங்கள், அதில் பெண் ஒரேயொருத்தி. அடிமை ஒருவரும் இல்லை. எல்லாரும் செல்பி எடுக்கிற இடம் அது. அவரவர் செல்பியில எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் பழங்காலத்துச் சின்னம் என்று நினைத்து எடுக்கிறார்கள். அது எங்கட அம்மம்மாவை விட வயது குறைந்த, ஒரு சர்வாதிகாரத்தின் விளம்பரப் பலகை.

இனி இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2017இல் லிஸ்பன் மக்கள், நகரசபையின் பங்கேற்பு வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில், அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். 'ஜாஸ்' என்ற ஆபிரிக்க வம்சாவளியினரின் அமைப்பு முன்வைத்த கோரிக்கை அது. அங்கோலாக் கலைஞர் கிலுவாஞ்சி கியா ஹெண்டாவின் திட்டம் தெரிவானது: வரிசை வரிசையாகக் கறுப்பு அலுமினியக் கரும்புகள். வாக்குப் போட்டாச்சு, கலைஞரும் தெரிவாயிட்டார். வேலை வருடக் கணக்கில் இழுபட்டது. 2021இல் பெலெம் நினைவுச்சின்னத்தில் யாரோ தீந்தையால் எழுதிவிட்டார்கள். அதைக் கழுவித் துடைக்க நகரத்துக்குச் சில நாள்தான் எடுத்தது. ஒரு நகரம் எதை அவசரமாகச் செய்கிறது, எதை இழுத்தடிக்கிறது என்று பாருங்கள். அதன் வரலாறு உங்களுக்கு அங்கே தெரியும்.

எங்களோடு உடன்படுகிறவர்களுக்கும் ஒரு சொல். போர்த்துக்கேயன் கோயிலை இடித்தான் என்ற வரி வந்ததும் தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் லிஸ்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி யாழ்ப்பாணத்துக்கும் வரும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் சொத்து, சீதனம், ஈடு பற்றி இருக்கிற மாதிரி அடிமைகள் பற்றியும் இருக்கிறது. எந்தச் சாதிகளிலிருந்து அடிமைகள், எசமானின் உரிமை என்ன என்று எழுதியே வைத்திருக்கிறது. எங்கட ஊர்ப் பெருமை பேசுகிற பதிவுகளில் சீதனச் சட்டம் வருகிறது, காணிச் சட்டம் வருகிறது. அடிமைப் பகுதி மட்டும் ஏன் 'அறியப்படாத' பகுதியாகப் போகிறது? இலங்கையில் 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது விடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். சுடலை பிரித்து வைத்த ஊர்கள் மன்னன் மனுவேலின் கிணற்றைப் பார்த்து அதிர்ச்சி அடைவதற்கு முன்னம் கொஞ்சம் யோசிக்க வேணும். இதைச் சொன்னால் போர்த்துக்கேயன் நல்லவனாகிவிடுவான் என்று பயப்படத் தேவையில்லை. அவன் ஆகமாட்டான். கேள்வி கேட்கிற உரிமை எங்களுக்கு இன்னும் கொஞ்சம் வலுப்படும், அவ்வளவுதான்.

பழைய நகரங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நிறைய எழுத வேண்டும். தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். காண்டாமிருகத்தையும் எழுதுங்கோ. ஆனால் அதை எழுதுகிற அன்றைக்கே, அதைப் பராமரிக்கக் கூடவே கப்பலில் வந்த ஓசெம் என்ற இந்தியப் பாகன் என்ன ஆனான் என்றும் கேளுங்கோ. தேவாலயத்தின் அழகை எழுதினால் 1506ஐயும், அங்கே கூடிய ஆபிரிக்கச் சபையையும் எழுதுங்கோ. தெருவின் கோப்பிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால், தெருப்பெயரின் பொருளையும் ஒரு வரி போடுங்கோ. 'நாடுகாண்' என்று எழுதக் கை போகிற இடத்தில் 'நாடுபிடி' என்று எழுதுங்கோ. புள்ளி குறைந்தால் குறையட்டும்.

சாவோ தொமிங்கோஸ் சதுக்கத்தில் இன்றைக்கும் பின்னேரங்களில் ஆபிரிக்கக் குடியேறிகள் கூடுகிறார்கள். வியாபாரம் செய்கிறார்கள், ஊர்க்கதை கதைக்கிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னம் அவர்களைப் போன்றவர்கள் சபை கூடிய அதே தேவாலயத்தின் வாசல் அது. லிஸ்பனின் இந்தக் கதை அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிற நாங்கள்தான் என்றால், அந்தப் படத்துக்குக் கீழே 'அறியப்படாத கதை' என்று எழுதுவதையாவது நிறுத்துவம்.